ஃபஸீலாவைப் போகச் சொல்வது

கோயம்புத்தூர் அணியின் பயிற்சியாளர் எங்கள் களத்துக்கு வந்து ஃபஸீலாவைக் கேட்டபோது, கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தோன்றியதும் பயந்துபோனேன். மனதுக்குள் நினைத்தது வாய்விட்டு வந்துவிட்டதோ என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் ஃபஸீலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் அப்படித்தான்.

எங்களுடையது கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதிப் பெண்கள் கூடைப்பந்து அணி. மைதானம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது அர்த்தநாரி மாமாவின் தென்னந்தோப்புக்குள் இருக்கும் சிமெண்ட் களம். தேங்காய்ப் பருப்பு உலர்த்தப் போட்டது. மாமா கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். அந்த ஆசை விடாமல் களத்தின் ஒரு முனையில் கம்பம் நட்டு வளையம் மாட்டி, ஊர்ப் பெண்களைச் சேர்த்து அணி ஆக்கினார். அவர் மனைவி மருதாத்தா அத்தைக்கு அப்படி ஆசை எதுவும் கிடையாது. "கோடு எங்க வேணாலும் போட்டுக்கங்க. சோத்தாங்கைப் பக்கம் பருப்புக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மழை இல்லாத மாதங்களில் களத்தின் வலது பாதி முழுக்கத் தேங்காய் மூடிகள் வானம் பார்த்துக் கிடக்கும். பந்து அதற்குள் ஓடினால் எடுக்கப் போனவள் அத்தையிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் திரும்பவேண்டும். அதனால் நாங்கள் இடது பாதியிலேயே ஆடிப் பழகினோம். நான் இடது ஓரத்தில் பந்தை வாங்குவேன். வளையத்தின் இடது பக்கம் ஃபஸீலா முதுகைக் காட்டி நிற்பாள். நான் அவளிடம் போடுவேன், அவள் திரும்பி வளையத்தில் போடுவாள். இதுதான் எங்கள் ஆட்டம். வெளியூரில் முழு மைதானம் கிடைத்தாலும் இதே ஆட்டத்தைத்தான் ஆடினோம். எங்களுக்கு வலது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது.

ஆனாலும் ஜெயித்தோம். ஃபஸீலா அப்படி. கோவிந்தாபுரத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் அப்பாஸ் அவர்களின் மகள்; அப்பாவை அத்தா என்பாள். இரண்டு பேருந்து மாறி வருவாள். ஆறடி உயரம், அதைவிட நீண்ட கை, யார் இடித்தாலும் அசையாத இடுப்பு. வடகரப்பதி நிறுத்தத்தில் அவள் படம் போட்ட பேனர் வெயிலில் வெளுக்க வெளுக்க மாமா புதிதாக மாற்றிவிடுவார். பஸ் கண்டக்டர்கள் அவளுக்கு மட்டும் முன்சீட்டைக் காட்டுவார்கள். அணிக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் எந்த ஊரில் ஆடினாலும் 'ஃபஸீலா டீம்' என்றுதான் சொல்வார்கள்.

அன்று வந்த பயிற்சியாளரின் பெயர் அருண்பாண்டி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"ஃபஸீலாவ எங்களுக்குக் குடுங்க சார். பதிலுக்கு ரெண்டு பேரைத் தர்றோம். ஷிஜி, பின்சி. சாந்தன்பாறைப் பொண்ணுங்க. எங்க ஊர்ல படிச்சு முடிச்சிட்டு இப்போ கஞ்சிக்கோட்டுல வேலைக்குச் சேர்ந்திருக்காங்க. எங்களுக்குத் தூரம், உங்களுக்குப் பக்கம். ஒருத்தி தூரத்திலிருந்து போடுவா. இன்னொருத்தி நிக்காம ஓடுவா."

அர்த்தநாரி மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, கறவ மாட்டக் குடுத்துப்போட்டு ரெண்டு கிடாரி புடிச்சுட்டு வர நானென்ன கிறுக்கனுங்களா?"

வளையத்துக்குக் கீழே இருந்து ஃபஸீலாவின் குரல் வந்தது.

"மாமா, நான் இங்கதான் நிக்கறனுங்க."

"உன்னச் சொல்லல அம்மணி. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா மாடுன்னீங்க."

எல்லோரும் சிரித்தோம். அருண்பாண்டியும் சிரித்தார். மாதக் கடைசியோடு பதிவு முடிகிறது என்றும், அவள் மாநிலம் தாண்டி ஆட எங்கள் கிளப் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும், அதுவரை யோசிக்கும்படியும் சொன்னார்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது? கேப்டன் புள்ளையவே கேட்டுப்போடலாம். பிரதீபா, நீ சொல்லு கண்ணு. நீ சொல்றதுதான் முடிவு" என்றார் மாமா. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அவளுக்கு எப்படியோ அப்படி" என்றேன். 

ஃபஸீலா பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, "நான் எங்கீங்க போகப்போறேன்" என்றாள்.

"அவ்ளோதான்! கேட்டுக்கிட்டீங்களா தம்பி? மோர் குடிச்சுட்டுப் போங்க" என்று மாமா பேச்சை முடித்தார்.

ஆனால் எனக்குள் அது முடியவில்லை.

அரசாங்கத்துக்கு மனு அனுப்பித் தரும் அக்ஷயா சென்டரில் நான் வேலை செய்கிறேன். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் அதை மலையாளத்தில் தட்டிக் கொடுப்பேன். அடுத்தவர் சொல்ல வந்தது என்ன என்று கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னையே நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவள் போகவேண்டும் என்று ஏன் நினைக்கிறேன்?

கௌரவமான காரணங்கள் இருந்தன. நாங்கள் மொத்தமே ஏழு பேர். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிப் போனால் ஆறு. இன்னொருத்திக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்து. ஒருத்தியைக் கொடுத்து இரண்டு பேரை வாங்குவது கணக்காகப் பார்த்தாலே நல்லதுதான். ஃபஸீலாவுக்கு வயது இருபத்தாறு. எங்களோடு இருந்தால் இந்தக் களத்தைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் இல்லை. இதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இவற்றைச் சொல்லி முடித்த பிறகு அடியில் ஏதோ மிச்சம் கிடந்தது.

பொறாமையா? அந்தச் சொல்லை வைத்துப் பார்த்தேன். முழுதாகப் பொருந்தவில்லை, பொருந்தவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவளைப்போல ஆகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் படம் இருக்கும் இடத்தில் என் படம் வேண்டும் என்றும் நினைத்ததில்லை. ஆனால் போன மாதம் பாலக்காட்டில் ஒரு ஆட்டம். பந்து என் கையில் இருந்தது. என்னைச் சுற்றி ஒருத்தியும் இல்லை. வளையம் திறந்து கிடந்தது. ஃபஸீலாவை மூன்று பேர் மறித்து நின்றார்கள். அப்படியும் பந்து என் கையை விட்டு அவளிடம்தான் போயிற்று. நான் யோசித்துப் போடவில்லை. கை போட்டது. அவள் அந்த மூன்று பேருக்கும் மேலே எம்பிப் போட்டுவிட்டாள். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். கத்திக்கொண்டே என் உள்ளங்கையைப் பார்த்தேன். அது வேறு யாருடைய கையோபோல் இருந்தது.

அவள் போனால் அந்தக் கை எனக்குத் திரும்பி வருமா என்று தெரியவேண்டும். அவ்வளவுதான். இதைப் பொறாமை என்று சொல்வதென்றால் சொல்லிக்கொள்ளலாம்.

இதற்கிடையில் ஊர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் கிளம்பி எழுந்தால், "இருங்க, என்னங்க அவசரம்" என்று சொல்லவேண்டும். அவர் உட்காரவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுவார். மறுபடி சொல்லவேண்டும். போகட்டும் என்று உள்ளுக்குள் ஆயிரம் தடவை நினைத்தாலும் வெளியே அப்படிச் சொல்லக்கூடாது. சொல்லாமல் விட்ட வீட்டைப் பற்றி வருடக்கணக்கில் பேசுவார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஃபஸீலாவைக் கேட்டுவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும், அவள் எழுந்துவிட்டாள் என்பதுபோல் ஊரே அவளை உட்காரவைக்கக் கிளம்பிவிட்டது. அணிப் பெண்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் விருந்து. ஒரு வீட்டில் கூப்பிட்டால் அடுத்த வீடு சும்மா இருக்க முடியுமா? பயிற்சி முடிந்ததும் யாராவது ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அங்கே அவளுடைய தட்டில் எதையாவது போட்டுக்கொண்டே, "எங்கீயும் போயிடாத சாமி" என்பார்கள். அவள், "நான் எங்கீங்க போகப்போறேன்" என்பாள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அம்மா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய்யை ஊற்றிக்கொண்டே, "நீ போயிட்டீன்னா இவ யாருகூடக் கண்ணு ஆடுவா? சோறு எறங்காது இவளுக்கு" என்றாள். அன்று நான் ஃபஸீலாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று இருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஆமாடி. போயிடாத" என்றேன்.

என் காதில் விழுந்தபோதுதான் நான் சொன்னது என்ன என்று தெரிந்தது. பாலக்காட்டில் கை செய்ததை இப்போது வாய் செய்துவிட்டது. ஃபஸீலா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

அந்த வாரம் ஆட்டத்தில் அவள் சரியாக இல்லை. பந்து கைக்கு வந்தும் வளையத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. "சாப்பாடு ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாள். எங்களில் யாரும் அதை நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்களே இருந்தபோது அர்த்தநாரி மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை களத்தில் ஒரு கூட்டம் வைத்து ஃபஸீலாவுக்குச் சால்வை போடப்போவதாகச் சொன்னார். அருகில் நின்றிருந்த மருதாத்தா அத்தை, "அன்னைக்குப் பருப்பெல்லாம் அள்ளிக் களத்த முழுசா ஒழிச்சுத் தர்றேன். அந்தப் புள்ளைக்காக" என்றார். அத்தை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமாவே திரும்பிப் பார்த்தார்.

"நீயே போயி நேர்ல சொல்லிட்டு வந்துரு கண்ணு. போன்ல சொன்னா மரியாதையா இருக்காது."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவிந்தாபுரம் போனேன். போகும் வழியெல்லாம், இந்தச் சால்வை விழுந்துவிட்டால் அவளால் ஆயுசுக்கும் நகர முடியாது, என்னாலும் முடியாது என்று மட்டும் தெரிந்தது. சொல்வதானால் இன்றுதான். சொல்ல முடியுமா என்றுதான் தெரியவில்லை.

மண்டியில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஃபஸீலாவின் அம்மா கௌலத் எனக்கு டீ கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்கல்லாம் இவ மேல இவ்வளவு பாசமா இருக்கீங்க. அதத்தான் இவ அத்தாகிட்டச் சொல்லிட்டிருந்தேன். இப்படிப்பட்ட பிள்ளைங்கள விட்டுட்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஃபஸீலா என்னை மண்டிக்குப் பின்னால் அழைத்துப்போனாள். காலி மாங்காய்க் கூடைகள் கவிழ்த்துக் கிடந்தன. ஆளுக்கொன்றின் மேல் உட்கார்ந்தோம்.

"ஞாயித்துக்கெழம மாமா உனக்குச் சால்வை போடறாராம்" என்றேன்.

"எதுக்குடி?"

"நீ போகாததுக்கு."

"போகாததுக்கெல்லாமா சால்வை போடுவாங்க? அப்போ ஊர்ல எல்லாருக்கும் போடணுமே."

"மருதாத்தா அத்தை களத்த ஒழிச்சுத் தருதாம். பருப்பு பூராத்தையும் அள்ளி."

ஃபஸீலா சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அத்தையா?"

"அத்தையேதான்."

"பருப்பையா?"

"ஆமாங்கறேன்."

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கைகள் ஒரு பந்து இல்லாமல் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை. "அப்போ நெசமாவே முடிஞ்சுபோச்சு" என்றாள். யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள்.

எனக்கு அது கேட்டது. அக்ஷயா சென்டரில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எதை எதையோ சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது வாசலில் நின்று அசல் விஷயத்தைச் சொல்வார்களே, அந்தக் குரல். எல்லாம் புரிந்தது. அப்படியும் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நீ இல்லாம நாங்க என்னடி பண்ணுவோம்."

ஃபஸீலா தலையாட்டினாள். வயிறு நிறைந்தவள், இலையில் இன்னொரு கரண்டி சோறு விழுவதைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். மறுக்கத் தெரியாமல், சாப்பிடவும் முடியாமல். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளாக நாங்கள் தாங்கியது அவளையா, எங்களையா?

"ஃபஸீலா" என்றேன். "போடி."

"எங்க?"

"கோயம்புத்தூருக்கு. போ. நீ போனா எனக்கு நல்லாருக்கும்."

முன்பக்கம் லாரி கிளம்பும் சத்தம்.   வந்தவளை எழுப்பி அனுப்பிவிட்டேன். அதுவும் அவள் வீட்டிலேயே, அவள் அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.

"போ."

"இன்னொருக்கா."

"போய்த் தொலைடி!"

கூடையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டே சிரித்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

"இதச் சொல்ல அந்த ஊர்ல ஒருத்தியும் இல்லையான்னு பாத்துட்டே இருந்தேன். நீயாச்சும் சொல்லுவேன்னு உங்க ஊட்டுக்கு வந்தேன். நீயும் நெய்ய ஊத்தி, போகாதங்கற."

"நெய் ஊத்துனது எங்கம்மா."

"எல்லாரும் இரு இருன்னா எப்படிடி எந்திரிக்கறது? கையும் கழுவ உடமாட்டேங்கறீங்க."

"போகணும்னு நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்லறது? மாமா என் படத்த நெறுத்தத்துல மாட்டிவெச்சுட்டு, நான் போறேன்னா...? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

"நாங்க நீயாச் சொல்லட்டும்னு இருந்தோம்."

"நல்ல கூத்துடி."

அதற்குப் பிறகு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அருண்பாண்டி அவளிடம் தனியாகப் பேசியிருக்கிறார். அங்கே அவளைவிட உயரமாக இரண்டு பேர் இருக்கிறார்களாம். முதல் வருடம் பாதி ஆட்டம் பெஞ்சில்தான் உட்காரவேண்டியிருக்கும் என்று சொன்னாராம்.

"அதக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா?"

"பெஞ்சுக்கா?"

"பெஞ்சுக்குத்தான். கால நீட்டி உக்காந்துக்கணும். வேற ஒருத்தி தப்பு பண்றதப் பாத்து 'அட'ன்னு சொல்லணும். நான் ஒரு பந்த விட்டா ஊரே மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குது, பிரதீபா. கண்டக்டரு பேச மாட்டேங்கறான். எனக்குச் சளி புடிச்சா அத்தாகிட்ட மூணு பஞ்சாயத்துலருந்து போன் வருது. அப்புறம் இன்னொண்ணு இருக்குது." கொஞ்சம் தயங்கினாள். "சோத்தாங்கைப் பக்கம் நின்னு ஆடிப் பாக்கணும். வளையம் அங்கருந்து எப்படித் தெரியும்னே எனக்குத் தெரியாது."

நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்த இடத்தை நாங்கள் அவளுக்குக் கொடுத்திருப்பதாக நினைத்திருந்தோம். அவள் அதில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"சேரி, நான் போனா உனக்கு எதுக்கு நல்லாருக்கும்? அதச் சொல்லு" என்றாள்.

பொய் சொல்ல இனி அலுப்பாக இருந்தது. "நானும் வளையத்துல போட்டுப் பாக்கணும்."

"நீ போடறதுதான?"

"எப்போடி போட்டேன்?"

யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள்.

"ஆமா. நீ போட்டு நான் பாத்ததே இல்லை" என்றாள். "எனக்குத் தெரியவே இல்லையே."

அது கொஞ்சம் வலித்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. வலித்தாலும் அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் எதையும் அமுக்கிவைத்துக்கொண்டு என்னிடம் பேசவில்லை, நானும் அப்படித்தான். அப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். பந்தைத் தவிர எங்களுக்குள் கொடுக்கல் வாங்கலே இல்லாமல் இருந்திருக்கிறது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே அர்த்தநாரி மாமாவிடம் போனோம். அவர் தோப்பில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன். கேப்டன் சொல்வதுதான் முடிவு என்று அவரே சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஃபஸீலாவைப் பார்த்தார்.

"நீ போறேங்கறியா அம்மணி?"

"ஆமாங்க மாமா."

"உன்ற வாயால சொல்லு."

"நான் போறனுங்க."

மாமா திரும்பி வரப்பின் மேல் உட்கார்ந்தார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் போயிற்று. அவர் கவனிக்கவில்லை. நானும் ஃபஸீலாவும் மண்ணை இழுத்து அடைத்தோம். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.  நெடுநேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தச் சாந்தன்பாறைப் புள்ளைங்க, உசரம் எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"ஒருத்தி என் தோளுக்கு வருவாளாமுங்க" என்றாள் ஃபஸீலா.

"இன்னொருத்தி?"

"அதுக்கும் கீழயாமுங்க."

"போச்சாது போ" என்று விட்டுக்கொடுத்தார். பிறகு, "நல்லா ஓடுமாமா?" என்று கேட்டார். சந்தைக்குப் போகும் மனிதர் மெல்ல அவருக்குள் விழித்துக்கொண்டிருந்தார். "சேரி, சால்வை வாங்கியாச்சு. போறதுக்குப் போட்டுப்போடறேன். ஊருக்கு என்ன தெரியுது?"

தோப்பு வாசலில் மருதாத்தா அத்தையிடமும் சொன்னோம். அத்தை ஃபஸீலாவின் கன்னத்தைத் தொட்டு, "எங்க இருந்தாலும் நல்லா இரு சாமி" என்றார். அடுத்த மூச்சில், "அப்போ பருப்ப அள்ள வேண்டாமில்ல?" என்று என்னிடம் கேட்டார். அவர் முகத்தில் இருந்த ஆறுதலை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

அணியிலும் சொன்னோம். ஒருத்தி, "நான் அன்னைக்கே நெனச்சேன், அவ போனா அவளுக்கு நல்லதுன்னு" என்றாள். உடனே இன்னொருத்தி, "நான் மட்டும் நெனக்கலையா?" என்றாள். "அப்புறம் எதுக்கடி எங்க ஊட்டுல வந்து அப்படி அழுத?" "நீ அழுதீன்னு நானும் அழுதேன்!" ஒரு வார விருந்தும் சேர்ந்து சிரிப்பாக வெடித்தது. ரஜீனா மட்டும் சிரிக்கவில்லை. எங்களில் இளையவள், ஃபஸீலாவுக்குச் சொந்தம், அவளைப் பார்த்துத்தான் பந்தைத் தொட்டவள். அவள் ஒருத்திதான் போகாதே என்று நிஜமாகவே சொல்லியிருக்கிறாள். சிரிப்பவர்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய் வளையத்துக்குக் கீழே தனியாக நின்றாள். ஃபஸீலா போய் அவள் பக்கத்தில் நின்றாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

ஃபஸீலா போன பிறகு வந்த முதல் ஞாயிறு, ஷிஜியும் பின்சியும் கஞ்சிக்கோட்டிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் குள்ளம். இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். சாந்தன்பாறை எஸ்டேட்டில் ஆட இடம் இல்லாமல் லைன் வீடுகளுக்கு நடுவில் மேடும் பள்ளமுமாக இருந்த பாதையில் பந்து தட்டிப் பழகியதாகச் சொன்னார்கள். "எங்க பந்த விட்டுட்டோம்னா கீழ ஓடைக்குப் போயிருமுக்கா, இங்க பரவால்லயே" என்றாள் பின்சி.

ஆட்டத்துக்கு வரிசையாக நின்றோம். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது, யார் எங்கே நிற்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் அவளைச் சுற்றியே நின்று பழகியவர்கள்.

"எக்கா, நான் எங்கன நிக்கட்டும்?" என்று கேட்டாள் ஷிஜி.

"எனக்கும் தெரியாது. எங்க வேணாலும் நில்லு" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமலே அவளும் சிரித்தாள். ரஜீனா கையைக் கட்டிக்கொண்டு முறைத்தபடி நின்றாள். பின்சி பந்தை என்னிடம் எறிந்தாள். நான் வாங்கினேன். பழக்கத்தில் உள்ளே பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. வளையத்தைப் பார்த்தேன். அது நான் நினைத்திருந்ததைவிடத் தூரத்தில் இருந்தது.

போட்டேன். பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழுந்தது.

யாரும் முகத்தைத் தொங்கப் போடவில்லை. ஷிஜி ஓடிப்போய் எடுத்து என்னிடமே திருப்பி எறிந்தாள். மறுபடி போட்டேன். இந்த முறை கம்பத்தில் பட்டது.

"அக்கா, முழங்கைய உள்ள கொண்டு வாங்க" என்றாள் ரஜீனா. கட்டியிருந்த கையைப் பிரித்துவிட்டு என் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தாள்.